புலியூர்க்குறிச்சியில் தூங்கும் கப்பித்தான்

நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறினால், தக்கலை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் புலியூர்க்குறிச்சி வரும். ஜன்னல் சீட் கிடைத்திருந்தால், ரோட்டை ஒட்டி ஒரு பெரிய கருங்கல் மதில் ஓடுவதைப் பார்த்திருப்பீங்க. அதுதான் உதயகிரிக் கோட்டை. இப்போ அதற்குள் வனத்துறையின் பூங்கா இருக்கிறது. மான் பார்க்கப் போவோம், போட்டோ எடுக்கப் போவோம். உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் கூரை இல்லாத ஒரு பழைய தேவாலயம் வரும். நான்கு சுவர் மட்டும் நிற்கிறது. அதற்குள் தரையோடு தரையாக ஒரு கல்லறை. கல்லில் லத்தீன் எழுத்து, கூடவே தமிழ் எழுத்து. பத்தில் ஒன்பது பேர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ வெள்ளைக்காரன் சமாதி என்று சொல்லிவிட்டுத் திரும்பி விடுவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான்.

அந்த வெள்ளைக்காரர் பெயர் யூஸ்டேஷியஸ் பெனடிக்டஸ் டி லனாய். பெயரைக் கேட்டதும் சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரி ஞாபகம் வரும்: குளச்சல் போர், 1741, டச்சுக்காரர்கள் தோல்வி. அந்த வரிக்குப் பின்னால் அவர் இந்த மண்ணில் இன்னும் 36 வருஷம் வாழ்ந்தார். நம்ம ஊர் களரிக்கும், அடிமுறைக்கும், சிலம்பத்துக்கும் என்ன ஆச்சு என்று உங்களுக்குத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், இந்த மனிதரின் வாழ்க்கையைச் சுற்றிப் போய்த்தான் ஆகணும். ஏன் என்று சொல்கிறேன்.

1715-ஆம் வருஷம் பிறந்தவர். பிறந்த ஊர் அராஸ், இப்போது பிரான்சில் இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து இந்தப் பக்கம் வந்தார். அந்தக் கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. நமக்கு அந்த மூன்றெழுத்தைக் கேட்டால் கப்பலோட்டிய சிதம்பரனார் முகம்தான் வரும், ஆனால் இது வேறு. உலகத்தில் மிளகு, ஏலம், கிராம்பு எங்கெல்லாம் விளையுமோ அங்கெல்லாம் கப்பல் அனுப்பி, தான் மட்டுமே வாங்க வேண்டும், தான் சொல்வதுதான் விலை என்று ஒப்பந்தம் போட்ட கம்பெனி. ஒப்பந்தத்துக்கு ஒத்து வராத ராஜாக்களிடம் பீரங்கியோடு பேசுவார்கள்.

அப்போ திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மர். 1729-இல் பட்டத்துக்கு வந்தவர். தலைநகரம் நம்ம பத்மநாபபுரம், அன்றைய பெயர் கல்குளம். சின்ன நாடாக இருந்த வேணாட்டை வடக்கே வடக்கே என்று நீட்டிக்கொண்டே போனார். நாடு நீண்டால் மிளகும் அவர் கைக்குப் போகும். டச்சுக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. இலங்கையில் கவர்னராக இருந்த வான் இம்ஹாஃப் நேரிலேயே வந்து பேசினார். பேச்சு மிரட்டலாக மாறி, மிரட்டல் சண்டையாக மாறியது. 1741-இல் டச்சுப் படை குளச்சல் கரையில் இறங்கி, கடலோரத்து ஊர்களைக் கொள்ளையடித்துக்கொண்டு கோட்டாறு வரை வந்தது.

வடக்கே சண்டையில் இருந்த மார்த்தாண்ட வர்மர் திரும்பி ஓடி வந்தார். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் சன்னிதியில் வாளை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போருக்குப் போனார் என்று சொல்வார்கள். குளச்சல்காரர்கள் சொல்லும் கதை இன்னும் சுவாரஸ்யம்: பனந்தடிகளை மாட்டு வண்டியில் ஏற்றிக் கடலைப் பார்த்து வரிசையாக நிறுத்தினார்களாம், தூரத்தில் கப்பலில் இருந்து பார்த்தவனுக்கு அது பீரங்கி வரிசை மாதிரி தெரிந்ததாம். மீனவர்கள் பக்கபலமாக நின்றார்கள். ஆடி மாசம் வேறு. ஆடியில் குளச்சல் கடல் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஃப்ரெண்ட் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்க. கரையில் அகப்பட்ட டச்சுக்காரர்களைச் சுற்றி வளைத்தாச்சு. உள்ளே வெடிமருந்து தீப்பிடித்து அரிசியெல்லாம் எரிந்து போனது என்று எழுதுகிறார்கள். 1741 ஆகஸ்ட் 10, கொல்லம் ஆண்டு 916, டச்சுப் படை சரணடைந்தது. வெற்றித் தூண் இப்பவும் குளச்சலில் நிற்கிறது.

சரணடைந்தவர்களில் ஒருவர்தான் டி லனாய். வயது 25. பழைய நூல்கள் அவரை டச்சுப் படையின் தளபதி என்றே எழுதிவிட்டன. பத்மநாபபுரம் அரண்மனையில் தொங்கும் ஓவியத்திலும் தளபதி மாதிரிதான் ராஜா முன்னால் நிற்பார். டச்சு ஆவணங்களைத் தேடிப் பார்த்த பின்னாள் ஆய்வாளர்கள், அவர் அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர் இல்லை என்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது கதைதான் பிடித்திருக்கிறது. தளபதியாக இருந்தவர் தளபதி ஆவதில் என்ன இருக்கு?

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்தக் கதையை நாம் சாதாரணமாக எப்படிக் கேட்டிருக்கிறோம்? வாளும் வேலும் வைத்திருந்த நம்ம ஆட்கள், துப்பாக்கி வைத்திருந்த ஐரோப்பியர் முன்னால் தோற்றார்கள், அதனால் நம்ம போர்க்கலைகள் அழிந்தன. ஸ்கூலில் எனக்கு மனதில் பதிந்தது அதுதான். ஆனால் குளச்சலில் நடந்தது அதற்கு நேர் எதிர். ஐரோப்பியப் படை தோற்றது. ஜெயித்தது களரியில் கால் வைத்து வளர்ந்த ஆட்கள் நிறைந்த படை. அந்தப் படையிடமும் துப்பாக்கி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போர்ச்சுகீசியர் வந்த காலத்தில் இருந்தே இந்தக் கரையில் துப்பாக்கி புழக்கத்தில் உண்டு, அஞ்சுதெங்கில் கோட்டை கட்டி இருந்த ஆங்கிலேயரிடமும் வாங்கலாம்.

அப்படியென்றால் ஜெயித்த ராஜா, தோற்றவனைக் கூப்பிட்டு, என் ஆட்களுக்குச் சொல்லிக்கொடு என்று ஏன் கேட்டார்? இதுதான் எனக்கு இந்த வாழ்க்கையிலேயே பெரிய கேள்வி.

முதலில் களரி என்றால் என்ன என்று பார்ப்போம். சினிமாவில் வருகிற அந்தரத்தில் பறக்கிற களரியைச் சொல்லவில்லை. நம்ம பக்கத்துக் களரிக்கு ஆசான் உண்டு, தென்னை விளைக்குள்ளேயோ வீட்டுப் பின்னாலேயோ ஒரு மண் தரை உண்டு. முதலில் சுவடு, அதாவது கால் வைக்கும் முறை. மாசக்கணக்கில் சுவடுதான். பிறகு அடியும் தடையும், அதற்குப் பிறகு பிடி, பூட்டு, கம்பு, கத்தி. கடைசியில் வர்மம். உடம்பில் 108 வர்மப் புள்ளிகள் என்று கணக்கு: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எங்கே தொட்டால் ஆள் விழுவான், விழுந்தவனை எந்த அடங்கலில் எழுப்ப வேண்டும், இரண்டையும் சேர்த்தே சொல்லித் தருவார்கள். எல்லாருக்கும் கிடைக்காது. பையனின் குணம் பார்த்து, பல வருஷம் பார்த்து, அப்புறம்தான் ஆசான் வாயைத் திறப்பார். ஒரு நல்ல ஆளை உருவாக்கப் பத்து வருஷம் ஆகலாம்.

இப்போ அந்தக் காலத்துத் துப்பாக்கியைப் பாருங்க. சக்கிமுக்கிக் கல் பொறியில் மருந்து பற்றும் வகை. காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, கொஞ்சம் மருந்தைக் கிண்ணத்தில் போட்டு, மீதியைக் குழாயில் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, சுட வேண்டும். கை பழகினவன் ஒரு நிமிஷத்துக்கு இரண்டு மூன்று தடவை சுடலாம். நூறு மீட்டருக்கு மேல் குறி தப்பாமல் போவது அதிர்ஷ்டம்தான். தனி ஒருவன் கையில் அது ஒரு மோசமான ஆயுதம். களரியில் பழகின ஒருவன் வாளோடு பாய்ந்து வந்தால், இவன் இடித்து முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். ஆனால் இருநூறு பேரை வரிசையாக நிறுத்தி, ஒரே சத்தத்தில் சுட வைத்து, முன் வரிசை மருந்து போடும்போது பின் வரிசை சுட வேண்டும் என்று பழக்கினால், அங்கே யாருக்கும் குறி தேவையில்லை. ஒவ்வொருவனும் சுமாரான ஆளாக இருக்கலாம். பயிற்சிக்குச் சில மாசம் போதும். செத்தவன் இடத்தில் இன்னொருவனை நிறுத்தலாம். நம்ம பாஷையில் சொன்னால், ஒவ்வொரு பாகமும் மாற்றிப் போடக்கூடியது.

டி லனாய் கொண்டு வந்தது இந்த வரிசையை. அரண்மனைக் காவல்காரர்களில் ஒரு சிறு கூட்டத்தைத்தான் அவரிடம் முதலில் கொடுத்தார்கள் என்று எழுதுகிறார்கள். கூடவே பிடிபட்ட டொனாடி என்பவரும் சேர்ந்துகொண்டார். ராஜா அந்தச் சிறு கூட்டத்தைப் பார்த்தார், பிடித்துப் போனது, அப்புறம் படை படையாக அவர் கைக்கு வந்தது. கப்பித்தான் ஆனார், பிறகு வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி.

ராஜாவுக்கு ஏன் பிடித்தது? இதற்குத் துப்பாக்கி மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மார்த்தாண்ட வர்மர் இளவரசராக இருந்தபோது உயிருக்குப் பயந்து ஓடி ஒளிந்தவர். துரத்தியவர்கள் வெளிநாட்டான் இல்லை, சொந்த நாட்டு மாடம்பிமார், எட்டு வீட்டுப் பிள்ளைமார். அவர்களுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? அவரவர் ஊரில் அவரவர் களரி. அந்தக் களரியில் வளர்ந்தவன் ஆசானுக்கும் தலைவனுக்கும் கட்டுப்பட்டவன், ராஜா அவனுக்கு அப்புறம்தான். ராஜா போருக்கு ஆள் வேண்டும் என்றால் இவர்களிடம்தான் கேட்க வேண்டும். பட்டத்துக்கு வந்ததும் மார்த்தாண்ட வர்மர் இவர்களை ஈவு இரக்கம் இல்லாமல் ஒடுக்கினார். ஒடுக்கிய பிறகு ஒரு காலியிடம் இருந்ததே, அதை நிரப்பத்தான் டி லனாயின் வரிசை வந்தது. வரிசையில் நிற்பவனுக்கு ஆசான் கிடையாது. அவனுக்குச் சம்பளம் தருபவர் ராஜா, கட்டளை தருபவர் ராஜா வைத்த கப்பித்தான்.

குண்டு பட்டு விழுவதற்கு முன்னாலேயே களரிக்கு வேலை போய்விட்டது என்று நான் நினைக்கிறேன். சண்டையில் தோற்கவில்லை, ஆள் எடுப்பது நின்றுபோனது. ப்ளேஸ்மென்ட் சீசனில் இருக்கிற நமக்கு இது புரியாமல் இருக்காது.

இந்த இடத்தில் நம்ம ஊரில் யாராவது அனந்தபத்மநாபன் நாடார் பெயரைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். இளவரசர் மார்த்தாண்ட வர்மரைக் காப்பாற்றிய களரி ஆசான் என்று இங்கே வாய்மொழியாக வாழ்கிறவர். சி.வி. ராமன் பிள்ளையின் மார்த்தாண்ட வர்மா நாவலிலும் அனந்தபத்மநாபன் என்று ஒரு வீரன் வருகிறான். ஆசான் காப்பாற்றிய ராஜாவே ஆசான்களுக்கு வேலை இல்லாமல் செய்தார் என்பதை நினைத்தால் என்னவோ போல இருக்கிறது.

அடுத்த இருபது வருஷத்தை வேகமாகச் சொல்லி விடுகிறேன், ஏனென்றால் அது ஒரு நீளமான ஊர்ப் பட்டியல். காயங்குளம், அம்பலப்புழை, சங்கனாச்சேரி, வடக்குங்கூர் என்று ஒவ்வொன்றாகத் திருவிதாங்கூரில் சேர்ந்தன. அம்பலப்புழையில் மட்டும் ஒரு விஷயம். எதிர்ப் பக்கத்தில் தெய்வமே நின்று சண்டை போடுகிறது என்று பயந்து ராஜாவின் ஆட்கள் சுட மறுத்தார்களாம், டி லனாய் தன் படையில் இருந்த கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் முன்னால் அனுப்பிச் சுட வைத்தாராம். 1753-இல் மாவேலிக்கரையில் டச்சுக்காரர்களே வந்து ஒப்பந்தம் போட்டு, இனி திருவிதாங்கூர் விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கினார்கள். தன் பழைய முதலாளியை டி லனாய் இப்படியும் தோற்கடித்தார்.

கோட்டைகள்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, சிவில் நண்பர்களுக்கும் பிடிக்கும். உதயகிரியில் முன்பே ஒரு மண் கோட்டை இருந்தது. அதைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். சுமார் 90 ஏக்கர், நடுவில் ஒரு குன்று. உள்ளே பீரங்கி வார்க்கும் பட்டறையும் வைத்தார். உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றி, பீரங்கிக் குழாய் செய்வது அன்று சாதாரண வேலை இல்லை, உள்ளே ஒரு காற்றுக் குமிழி நின்றுவிட்டால் எதிரிக்கு முன்னால் சுடுகிறவன்தான் சாவான். கன்னியாகுமரி பக்கத்தில் வட்டக்கோட்டையைத் திருத்திக் கட்டியதும் அவர்தான். பெயர் வட்டம், கோட்டை கிட்டத்தட்ட நீள்சதுரம், போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வடக்கே, கடற்கரையில் இருந்து ஆனைமலை அடிவாரம் வரை சுமார் 48 கிலோமீட்டருக்கு நெடுங்கோட்டை என்று மண் அரணும் அகழியும் போட்டார்கள். அந்தத் திட்டத்திலும் அவர் கை உண்டு. அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1789 டிசம்பர் கடைசியில் திப்பு சுல்தான் அந்த அரணில் முட்டி, முதல் தாக்குதலில் அடிபட்டுத் திரும்ப வேண்டி வந்தது.

இதெல்லாம் வெற்றிக் கதை. இனிச் சொல்லப்போவது அப்படி இல்லை.

உதயகிரிக் கோட்டை வேலை நடந்தபோது அங்கே ஒரு அரசாங்க அதிகாரி இருந்தார். நட்டாலத்துக்காரர், நீலகண்ட பிள்ளை, 1712-இல் பிறந்தவர். டி லனாயை விட மூன்று வயது மூத்தவர். சின்ன வயதில் வில், வாள், வர்மம் எல்லாம் படித்தவர் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதாவது நான் மேலே சொன்ன அந்தக் களரி உலகத்தின் பிள்ளை. மாடும் பயிரும் போய், வீட்டில் கஷ்டம் மேல் கஷ்டம் வந்து உடைந்து போயிருந்த நேரத்தில், டி லனாய் அவரிடம் பைபிளில் வருகிற யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் இழந்தும் நம்பிக்கையை விடாதவன் கதை. அந்தச் சிநேகத்தில் நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்துக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனார்.

1749-இல் அவரைப் பிடித்தார்கள். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். அடித்தார்கள். 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலையில் ராஜாவின் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மதம் மாறியதற்காக என்று திருச்சபை சொல்கிறது, வேறு காரணம் சொல்லும் சரித்திரக்காரர்களும் உண்டு. கல்லறை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. 2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தது நம்ம மாவட்டத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லாமல் இருக்காது.

சுட்டவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்க. டி லனாய் பத்து வருஷமாக வளர்த்த படை அது. ராஜா சொன்னால் கேள்வி கேட்காமல் சுட வேண்டும் என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தின் முதல் பக்கம். அவருடைய செல்வாக்கு நண்பனைக் காப்பாற்றப் போதவில்லை. அதற்குப் பிறகும் இருபத்தைந்து வருஷம் அதே ராஜாவுக்கும், அவருக்கு அடுத்து வந்த தர்மராஜா ராம வர்மருக்கும் வேலை செய்தார். கோழைத்தனம் என்று சொல்லலாம். போர்க் கைதியாக வந்தவன் எங்கே போவான் என்றும் சொல்லலாம். நான் இரண்டு பக்கமும் மாறி மாறி யோசித்து இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

கல்யாணமும் இங்கேதான். மனைவி மார்கரெட், அஞ்சுதெங்கு ஆங்கிலேயக் குடும்பத்துப் பெண். பெண் வீட்டில் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, ராஜாவே தலையிட்டுப் பேசி முடித்தார் என்று ஒரு கதை உண்டு. மகன் யோவான். அப்பா மாதிரியே படையில் சேர்ந்தான். 1765-இல் களக்காட்டுச் சண்டையில் பட்ட காயத்தில் இறந்து போனான். இருபது வயது கூட ஆகவில்லை. நம்மை விடச் சின்னவன். அப்பா கட்டிய கோட்டையில், அப்பா கட்டிய தேவாலயத்தில் அவனை அடக்கம் செய்தார்கள்.

அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம். 1777 ஜூன் 1-ஆம் தேதி, 62-ஆவது வயதில், உதயகிரிக் கோட்டையிலேயே டி லனாய் இறந்தார். மகன் பக்கத்தில் இடம். மனைவிக்கும், அவரிடம் வேலை பார்த்த பீட்டர் ஃப்ளோரி என்ற கப்பித்தானுக்கும் அங்கேயே கல்லறை உண்டு. ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை.

அவர் பழக்கிய படை என்ன ஆச்சு? 1809-இல் தலக்குளத்துக்காரர் வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தபோது, ஆங்கிலப் படை ஆரல்வாய்மொழி அரணைப் பிப்ரவரி மாசம் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் பெரிய சண்டையே இல்லாமல் விழுந்தன. பிறகு திருவிதாங்கூர்ப் படையில் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது காலப்போக்கில் நாயர் பிரிகேட் ஆகி, கடைசியில் இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஒன்பதாவது பட்டாலியனாகச் சேர்ந்தது. பாங்ஙோடு ராணுவ முகாமில் வருஷா வருஷம் ஜூலை 31-இல் குளச்சல் தினம் கொண்டாடுகிறார்கள், பழைய காலண்டரில் அதுதான் தேதி. ஆனால் சக்கிமுக்கித் துப்பாக்கியும், இரண்டு வரிசை நின்று மாறி மாறிச் சுடுவதும் இன்று யாருக்கும் தெரியாது. அன்று அதைவிட மாடர்ன் எதுவும் இருந்ததில்லை. எண்ணி நூறு வருஷம் தாங்கவில்லை, அடுத்த துப்பாக்கி வந்து அதைத் தூக்கிப் போட்டது.

வேலை போன களரி மட்டும் எங்கேயோ பிழைத்துக் கிடந்தது. வாளைக் கீழே வைத்துவிட்டு எண்ணெயைக் கையில் எடுத்தார்கள் ஆசான்மார். கை முறிந்தவன், பனையில் இருந்து விழுந்தவன், இடுப்பு பிடித்தவன் எல்லாரும் வந்தார்கள். அடிக்கத் தெரிந்தவனுக்கு அடங்கல் தெரியும் இல்லையா, அந்தப் பாதிதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஒரு வர்ம வைத்தியசாலை போர்டு பார்த்திருப்பீங்க, அது இப்படி வந்தது. இன்று சித்த மருத்துவம் படிப்பவர்கள் வர்மத்தைப் பாடமாகவே படிக்கிறார்கள். 2022-இல் ஹரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் களரிப்பயட்டு சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பம் காட்சி விளையாட்டாக வந்தது. தமிழ்நாட்டு அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் உண்டு. 2020-இல் பட்டாஸ் படம் வந்த பிறகு எங்க ஏரியாவில் திடீரென்று அடிமுறை கிளாஸுக்குக் கூட்டம் வந்ததை நானே பார்த்தேன். பொங்கல் கழிந்து இரண்டு மாசம் இருந்திருக்கும், அப்புறம் ஊரடங்கு.

எனக்கு இதில் ஒரு சின்னக் குறை உண்டு. மெடலுக்கு என்று ஆகிவிட்டால், பாயிண்ட் எண்ணத் தெரிந்ததை மட்டும்தான் சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு நிமிஷ ரவுண்டில் நடுவர் கண்ணுக்குத் தெரிகிற அடி எது, அது இருக்கும். பத்து வருஷம் குணம் பார்த்து, காதோடு சொல்கிற விஷயத்துக்கு அந்தப் பாயிண்ட் ஷீட்டில் எந்தக் கட்டம்? டி லனாய் செய்ததும் இதே மாதிரி ஒன்றுதான் என்று சில நேரம் தோன்றும். அளக்க முடிந்ததை எடுத்து வரிசையில் நிறுத்தினார். அதே சமயம், ஆசான் மனசு வைத்தால்தான் கிடைக்கும், இன்ன சாதிக்காரனுக்குத்தான் கிடைக்கும் என்று இருந்த காலத்தை நான் திரும்பக் கேட்கவும் இல்லை. இன்றைக்குச் சிலம்பக் கிளாஸில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். அந்தக் கதவு திறந்தது கப் கொடுக்கிற போட்டியால்தான், மறுக்க முடியாது.

நானும் எட்டாம் வகுப்பு வரை ஒரு ஆசானிடம் போனவன்தான். கூட்டச்சுவடு வரை வந்தேன். ஒன்பதாம் வகுப்பில் டியூஷன் நேரமும் களரி நேரமும் ஒன்றாக வந்தது, எது நின்றிருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீங்க. போன செமஸ்டர் லீவில் உதயகிரிக்குப் போய் அந்தக் கல்லறையைச் சரியாகப் பார்த்துவிட்டு, அப்படியே சாயங்காலம் ஆசான் வீட்டுக்குப் போனேன். விளைக்குள் நாலைந்து சின்னப் பையன்கள் சுவடு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆசான் திண்ணையில் உட்கார்ந்து, ஃபுட்பால் விளையாடிக் கணுக்கால் பிசகின ஒரு பையனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் கூச்சம். என்ன பேசுவது என்று தெரியாமல், டி லனாய் கதையையே அவருக்குச் சொன்னேன். நம்ம களரிகளுக்கு வேலை இல்லாமல் செய்த ஆள் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார் என்றும் சொல்லி வைத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

ஆசான் அந்த ஆளுக்கு எத்தனை வயது என்று கேட்டார். 62-இல் செத்தார் என்றேன். அவ்வளவு வயது வரை குதிரையிலும் கோட்டையிலும் அலைந்தவனுக்கு இடுப்பும் முழங்காலும் என்ன பாடு பட்டிருக்கும் மக்கா, நம்ம ஆட்களில் எவனாவது ஒருத்தன்தான் தடவிக் கொடுத்திருப்பான் என்று சொல்லிவிட்டு, கட்டுத் துணியின் ஒரு நுனியை என் கையில் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்.